மாத்திரைக்கும் டிகாக்‌ஷனுக்கும் நடுவே

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு ஆறு மருந்துக்கடைகள் ஏறி இறங்கினேன். முதல் கடையில் மருந்தின் பெயரைப் படித்ததுமே சீட்டைத் திருப்பி நீட்டிவிட்டார்கள். இரண்டாவது கடையில் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது எக்ஸ் ஷெட்யூல் மேடம், நாங்க வைக்கிறதில்ல" என்றார்கள். மூன்றாவது கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "யாருக்கு இது?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அடுத்த இரண்டு கடைகளிலும் இல்லை. ஆறாவது கடை ஒரு பெரிய மருத்துவமனையை ஒட்டி இருந்தது. அங்கே மருந்து இருந்தது. சீட்டு இரண்டு பிரதியாக வேண்டும் என்றார்கள். என் கையில் ஒன்றுதான். டாக்டர் இனித் திங்கட்கிழமைதான் வருவார்.

வீடு திரும்பினேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு வாய் காபி குடி, சரியாப் போயிடும்" என்றாள். குடித்தேன். மாலை ஏழு மணிக்குள் நான்கு டம்ளர் ஆகிவிட்டது. இரவு இரண்டு மணிக்கு மின்விசிறியைப் பார்த்தபடி விழித்துக் கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த வேலைகளில் ஒன்றைக்கூடத் தொட முடியவில்லை.

எனக்கு ஏ.டி.எச்.டி. இருப்பது 37 வயதில்தான் உறுதியானது. தமிழில் இதைக் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்கிறார்கள். அன்றிலிருந்து மருந்தைப் பற்றி டாக்டரிடமும், காபியைப் பற்றி வீட்டிலும், சீட்டைப் பற்றிக் கடைக்காரரிடமும் தனித்தனியாகப் பேசி வருகிறேன். அந்தச் சனி, ஞாயிறுக்குப் பிறகுதான் மூன்றையும் சேர்த்துப் பார்க்கக் கற்றேன். மாத்திரை கிடைக்காத நாளில் காபி கூடுகிறது. காபி கூடினால் தூக்கம் குறைகிறது. தூக்கம் குறைந்தால் அடுத்த சீட்டை வாங்கப் போகவேண்டிய தேதி மறந்துபோகிறது. இந்தச் சுற்றின் ஒவ்வொரு கண்ணியிலும் என்ன நடக்கிறது என்பதை அறிவியல் கொண்டு விளக்குவதே இக்கட்டுரை.

சுக்கான் இளகிய படகு

கவனம் சிதறும் மனிதர்களை மருத்துவ உலகம் நெடுங்காலமாகவே கவனித்து வந்திருக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் அலெக்ஸாண்டர் கிரைட்டன் 1798-இல் வெளியிட்ட நூலில், எந்த ஒரு பொருளிலும் மனத்தை நிலைநிறுத்த முடியாத நிலையைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதினார். 1902-இல் லண்டனில் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், புத்திக்கூர்மை இருந்தும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத குழந்தைகளைப் பற்றித் தொடர் உரைகள் ஆற்றினார். இன்று புழங்கும் பெயர் 1987-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற்றது.

பெயரில் 'கவனக்குறைவு' என்று இருப்பது பலரைத் தவறான திசையில் கொண்டுபோகிறது. எங்களிடம் கவனம் நிறையவே இருக்கிறது. பிடித்த வேலை ஒன்றில் உட்கார்ந்தால் அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாது. கவனத்தை வேண்டிய இடத்துக்குத் திருப்புகிற, வேண்டிய நேரம் வரை அங்கே நிறுத்துகிற, போதும் என்றதும் விடுவிக்கிற சுக்கான்தான் இளகிக் கிடக்கிறது. மூளையின் நெற்றிப்புறப் பகுதியும் அதன் அடியாழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியும் சேர்ந்து அந்தச் சுக்கானைப் பிடிக்கின்றன. அவை பேசிக்கொள்ளும் வேதிமொழியில் டோபமின், நார்எபிநெஃப்ரின் என்ற இரண்டும் முக்கியமானவை. செய்தி எது, இரைச்சல் எது என்று பிரித்தறிய இவற்றின் அளவு சரியாக இருக்கவேண்டும். குறைந்தாலும் கவனம் கலைகிறது, மிகுந்தாலும் கலைகிறது.

உலகளவில் குழந்தைகளில் சுமார் 5 சதவீதம் பேருக்கும், பெரியவர்களில் சுமார் 2.5 சதவீதம் பேருக்கும் இது இருப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணித்திருக்கிறார்கள். இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள், மக்களிடையே இது ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் மரபணுவின் பங்கு 70 முதல் 80 சதவீதம் என்கின்றன. வளர்ப்புச் சரியில்லை, செல்போனால் வந்தது, சோம்பேறித்தனம் என்ற தீர்ப்புகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த எண்ணைச் சொல்லியே ஆகவேண்டும்.

பெரியவர்களுக்கு நோயறிதலே முதல் தடை. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் பல இருந்திருக்கவேண்டும் என்பது அதே அமெரிக்கச் சங்கத்தின் கையேட்டில் 2013-இல் வந்த பதிப்பின் விதி. ஆகவே அம்மா பரணிலிருந்து என் பழைய ரேங்க் கார்டுகளைத் தேடி எடுத்துத் தந்தாள். ஆறாம் வகுப்பு ஆசிரியை சிவப்பு மையில் எழுதியிருந்த குறிப்புகளை டாக்டர் ஒவ்வொன்றாகப் படித்தார். பெண் குழந்தைகளில் ஓட்டமும் துள்ளலும் பல நேரம் வெளியே தெரிவதில்லை. அது மனத்துக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். வகுப்பைத் தொந்தரவு செய்யாமல் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணை யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போவதில்லை.

'கணக்கு மாத்திரை'

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், நடத்தைச் சிக்கலுள்ள குழந்தைகளுக்கான மருத்துவமனை ஒன்றில் சார்லஸ் பிராட்லி என்பவர் மருத்துவராக இருந்தார். மூளையைப் படமெடுப்பதற்காக முதுகுத்தண்டிலிருந்து திரவத்தை எடுக்கும் வழக்கம் அப்போது இருந்தது. அதனால் குழந்தைகளுக்குக் கடும் தலைவலி வந்தது. தலைவலி தீருமா என்று பார்க்க அவர் பென்செட்ரின் என்ற ஆம்ஃபெட்டமின் மருந்தைக் கொடுத்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் சில குழந்தைகள் வகுப்பில் அமர்ந்து படிக்கத் தொடங்கினார்கள். 1937-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, 30 குழந்தைகளில் 14 பேரின் பள்ளிவேலை வியக்கத்தக்க வகையில் மேம்பட்டது. குழந்தைகளே அதற்குக் 'கணக்கு மாத்திரை' என்று பெயர் வைத்தார்களாம். துறுதுறுவென்றிருக்கும் குழந்தைக்கு ஊக்க மருந்து கொடுத்தால் அது அமைதியாவது எப்படி என்ற கேள்வி அன்று பிறந்தது.

இந்தியாவில் இப்போது ஏ.டி.எச்.டி.க்கென எழுதப்படும் முக்கிய மருந்து மீதைல்ஃபெனிடேட். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சீபா நிறுவனத்தின் வேதியியலாளர் லியாண்ட்ரோ பனிசோன் 1944-இல் இதை உருவாக்கினார். அவருடைய மனைவி மார்கரீட் டென்னிஸ் ஆடப் போகுமுன் இதை எடுத்துக்கொள்வாராம். மார்கரீட்டின் செல்லப்பெயர் ரீட்டா. அந்தப் பெயரிலிருந்துதான் 'ரிட்டலின்' வந்தது.

நரம்பணு ஒன்று டோபமினை இடைவெளியில் வெளியிடுகிறது. எதிரே உள்ள நரம்பணு அதைப் பிடித்துச் செய்தியை வாங்குகிறது. மிச்சமான டோபமினை முதல் நரம்பணுவே ஒரு புரதத்தின் வழியாகத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மீதைல்ஃபெனிடேட் அந்த உறிஞ்சும் வாயிலை அடைத்து வைக்கிறது. டோபமின் இடைவெளியில் சற்று நேரம் கூடுதலாகத் தங்குகிறது; செய்தி தெளிவாகப் போய்ச் சேர்கிறது. சுக்கானுக்குப் பிடிமானம் கிடைப்பதால்தான் பரபரப்பு அடங்குகிறது. பிராட்லியின் குழந்தைகள் எழுப்பிய கேள்விக்கு இதுவே சுருக்கமான விடை.

இதை நேரடியாகக் காட்டியவர் நோரா வோல்கோவ். அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் அவரும் சகாக்களும் 1990-களில் மூளையைப் படமெடுத்தார்கள். மருத்துவர் தரும் வழக்கமான அளவில் வாய்வழி உட்கொண்டாலே அந்த வாயில்களில் பாதிக்கு மேல் அடைபடுவது தெரிந்தது. வேகம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதும் தெரிந்தது. அதே மருந்தை நரம்பில் ஊசியாக ஏற்றினால் பத்து நிமிடத்துக்குள் மூளையில் உச்சம் தொடுகிறது. மாத்திரையாக விழுங்கினால் அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. போதை அந்த வேகமான ஏற்றத்தில் இருக்கிறது. சிகிச்சை மெதுவான ஏற்றத்தில் இருக்கிறது. மூலக்கூறு ஒன்றுதான்.

சாதாரண மாத்திரையின் பலன் மூன்று நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். நீண்ட நேரம் வேலை செய்யும் வகைகளில் ஒன்றின் அமைப்பு வியப்பானது. 22 சதவீத மருந்து மேல்பூச்சில் இருக்கிறது. அது உடனே கரைகிறது. மீதி 78 சதவீதம் உள்ளே அடைக்கப்பட்டிருக்கிறது. மாத்திரையின் ஓடு வழியே தண்ணீர் உள்ளே கசிய, உள்ளிருக்கும் பாலிமர் ஊதிப்போய், லேசரால் துளைத்த நுண்ணிய ஓட்டை வழியாக மருந்தை மெல்ல மெல்ல வெளியே தள்ளுகிறது. பலன் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நீடிக்கிறது. காலியான ஓடு கடைசியில் மலத்தோடு வெளியேறும். அதைப் பார்த்து மருந்து கரையவில்லை என்று பயப்படவேண்டாம். இத்தகைய மாத்திரையை உடைத்தாலோ மென்றாலோ நாள் முழுவதற்கான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

இன்னொரு மருந்து அடமாக்ஸெட்டின். அமெரிக்காவில் 2002-இல் அனுமதி பெற்றது. இது நார்எபிநெஃப்ரினை உறிஞ்சும் வாயிலை அடைக்கிறது. நெற்றிப்புற மூளையில் டோபமினும் பெரும்பாலும் அந்த வாயில் வழியாகவே போவதால், அங்கே இரண்டுமே கூடுகின்றன. போதைக்குத் தொடர்புடைய ஆழமான பகுதிகளில் அந்தளவு மாற்றம் நிகழ்வதில்லை. எனவே சட்டமும் இதை இறுக்கிப் பிடிக்கவில்லை. கடும் கட்டுப்பாட்டுக்குரிய மருந்துகளின் பட்டியலான எக்ஸ் அட்டவணையில் இது இல்லை; சாதாரண மருந்துச் சீட்டுக்கே கிடைக்கும். பலன் முழுதாகத் தெரியச் சில வாரங்கள் ஆகும். குழந்தைகளும் இளைஞர்களும் இதைத் தொடங்கும்போது மனச்சோர்வோ தற்கொலை எண்ணமோ தலைகாட்டுகிறதா என்று வீட்டில் உள்ளவர்கள் கவனிக்கவேண்டும்.

மருந்து தேவைதானா என்று கேட்பவர்களுக்கு ஸ்வீடன் ஆய்வு ஒன்றைச் சொல்வேன். ஏ.டி.எச்.டி. உள்ள 25,000-க்கும் மேற்பட்டவர்களின் அரசுப் பதிவேடுகளைப் பார்த்து 2012-இல் அதை வெளியிட்டார்கள். அதே மனிதர் மருந்து எடுத்துக்கொண்ட காலத்தையும் எடுக்காத காலத்தையும் ஒப்பிட்டார்கள். மருந்து எடுத்த காலத்தில் குற்ற வழக்கில் தண்டனை பெறுவது ஆண்களில் 32 சதவீதமும் பெண்களில் 41 சதவீதமும் குறைவாக இருந்தது. யோசிப்பதற்கும் செய்வதற்கும் நடுவே ஒரு நொடி அவகாசம் கிடைத்தால் வாழ்க்கை எவ்வளவு மாறும் என்பதற்கு அந்த எண்கள் சாட்சி.

டம்ளருக்குள் உள்ள மருந்து

காபியும் ஒரு மருந்துதான். 1819-இல் ஜெர்மனியின் இளம் வேதியியலாளர் ஃப்ரிட்லிப் ரூங்கெ, கவிஞர் கதே கொடுத்த காபிக்கொட்டைகளிலிருந்து கஃபீனைப் பிரித்தெடுத்தார்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது தன் ஏற்பிகளில் உட்கார உட்கார அசதியும் தூக்கமும் வருகின்றன. கஃபீன் உருவத்தில் அடினோசினை ஒத்திருப்பதால், அந்த ஏற்பிகளில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. சேர்ந்த களைப்பு அப்படியே இருக்கிறது; களைப்பின் செய்திதான் மூளைக்கு எட்டுவதில்லை. ஸ்ட்ரையேட்டத்தில் அடினோசின் ஏற்பிகளும் டோபமின் ஏற்பிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஒன்றையொன்று அடக்குகின்றன. அடினோசினின் பிடி தளர்ந்தால் டோபமின் செய்திக்குக் கொஞ்சம் வலு கூடுகிறது. நோயறிதலுக்கு வெகுகாலம் முன்பே எங்களில் பலர் காபியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதற்கு இந்தப் பக்கவாட்டு வழி ஒரு காரணம்.

அப்படியானால் காபியையே மருந்தாக்கலாமே? இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ராபர்ட் ஷ்னாக்கன்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர் 1973-இல், கட்டுப்பாட்டுக்குரிய ஊக்க மருந்துகளுக்குப் பதிலாக மிகையியக்கக் குழந்தைகளுக்குக் கஃபீன் தரலாம் என்று எழுதினார். பெரிய நம்பிக்கை எழுந்தது. பின்னர் போலி மாத்திரையோடும் மீதைல்ஃபெனிடேட்டோடும் கஃபீனை முறையாக ஒப்பிட்டபோது அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. விழிப்பைத் தருவது வேறு, கவனத்தைத் திருப்பும் ஆற்றலைத் தருவது வேறு. காபி குடித்தால் எனக்கு மனம் அடங்குகிறது, அதனால் எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறது என்று முடிவுகட்டுவதும் சரியில்லை. அந்த அனுபவத்தை வைத்து நோயறிய முடியாது.

ஒரு டம்ளர் ஃபில்டர் காபியில் எவ்வளவு கஃபீன் இருக்கும்? எங்கள் வீட்டில் ஒரு டம்ளருக்குப் பத்து கிராம் பொடி விழுகிறது. 80:20 கலவை, அதாவது எட்டு கிராம் காபி, இரண்டு கிராம் சிக்கரி. சிக்கரியில் கஃபீன் இல்லை. அரபிகா கொட்டையின் எடையில் சுமார் 1.2 சதவீதம் கஃபீன். ரொபஸ்டாவில் 2 சதவீதத்துக்கும் மேல். ஆகவே எட்டு கிராம் காபியில் வகையைப் பொறுத்து 95 முதல் 170 மில்லிகிராம் வரை இருக்கும். அது முழுவதும் டிகாக்‌ஷனில் இறங்கிவிடாது. கொஞ்சம் கழித்துக்கொண்டு ஒரு டம்ளருக்கு 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் டிகாக்‌ஷனில் இதைவிட மிகக் குறைவு. ஒரு கோப்பைத் தேநீரில் 30 முதல் 50 மில்லிகிராம் வரை இருக்கும். பாக்கெட்டின் பின்புறம் சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்தால் கணக்கு இன்னும் துல்லியமாகும்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல், ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது என்றது. கர்ப்பிணிகளுக்கு 200. அந்தச் சனிக்கிழமை நான் குடித்த நான்கு டம்ளர் அந்த எல்லையைத் தொட்டுவிட்டது. அளவைவிடப் பெரிய சிக்கல் நேரம். உடலில் கஃபீன் பாதியாகக் குறைய சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஏழு மணி டம்ளரில் பாதி நள்ளிரவிலும் என் இரத்தத்தில் இருந்தது. அதற்கு முன் குடித்த மூன்றின் மிச்சமும் கூடவே இருந்தது.

இந்த ஐந்து மணி நேரமும் ஆளுக்கு ஆள் மாறும். கல்லீரலில் உள்ள ஒரு நொதி கஃபீனைச் சிதைக்கிறது. புகைபிடிப்பவர்களுக்கு அந்த நொதி வேகமாக இயங்கும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்குக் கஃபீன் ஏறக்குறைய இருமடங்கு நேரம் தங்கும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இன்னும் அதிக நேரம். எண்ணச் சுழற்சி நோய்க்குத் தரும் ஃப்ளுவோக்ஸமினும், சிப்ரோஃப்ளோக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் அந்த நொதியை முடக்கிவிடும். வழக்கமான காபியே அப்போது படபடப்பைத் தரலாம். இவற்றில் எதையாவது டாக்டர் எழுதும்போது, நாளுக்கு எத்தனை காபி என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டும் சேரும்போது

மீதைல்ஃபெனிடேட், கஃபீன் இரண்டுமே இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் சற்று ஏற்றுகின்றன. இரண்டும் பசியைக் குறைக்கின்றன, தூக்கத்தைத் தள்ளிப்போடுகின்றன. காலையில் மாத்திரையும் காபியும் அடுத்தடுத்து வெறும் வயிற்றில் இறங்கினால், பதினொரு மணிக்குக் கை நடுங்கும், மனம் பதறும். அதை மருந்தின் பக்கவிளைவு என்று நினைத்து மருந்தை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. நிறுத்தவேண்டியது இரண்டாவது டம்ளராக இருக்கலாம். மருந்து தொடங்கும் வாரத்தில் காபியை அடியோடு நிறுத்துவதும் குழப்பத்தையே தரும். கஃபீனை விட்டால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலியும் அசதியும் எரிச்சலும் ஆரம்பிக்கும். ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். ஒரு வாரம்வரைகூட நீடிக்கலாம். எந்த அறிகுறி எதனால் வந்தது என்று டாக்டராலும் பிரிக்க முடியாது. என் டாக்டர் சொன்ன வழி எளியது: மருந்தின் அளவு மாறும் வாரத்தில் காபியின் அளவை மாற்றாதே, காபியைக் குறைக்கும் வாரத்தில் மருந்தைத் தொடாதே.

நாளின் அபாயமான நேரம் பிற்பகல். காலை மாத்திரையின் பலன் இறங்கும்போது அசதியும் சிடுசிடுப்பும் திரும்பி வருகின்றன. கை தானாக ஃபில்டரை நோக்கிப் போகும். 2013-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவர்களுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது. ஏ.டி.எச்.டி. உள்ள பலருக்கு உடல் கடிகாரமே பின்தங்கி ஓடுகிறது. இயல்பிலேயே தூக்கம் தாமதமாக வரும். அதன்மேல் மாலைக் காபியும் சேர்ந்தால் மறுநாள் காலை மருந்து ஒரு களைத்த மூளையோடு போராடவேண்டியிருக்கும். மருந்து பலிக்கவில்லை என்று தோன்றும். உண்மையில் தூக்கம்தான் போதவில்லை.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி வைத்திருக்கிறேன். மாத்திரை நேரம், காபி நேரம், படுத்த நேரம், காலையில் நாடித்துடிப்பு என்று நான்கு கட்டங்கள். முதலில் இட்லியோ தோசையோ சாப்பிட்டுவிட்டு மாத்திரை. ஒரு மணி நேரம் கழித்து ஒரு டம்ளர். பிற்பகல் ஒரு மணிக்குள் இன்னொன்று. அதோடு சரி. இது எனக்கும் என் டாக்டருக்கும் பொருந்திய கணக்கு. இதயக் கோளாறு, உயர் இரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், கடும் பதற்றம் உள்ளவர்களின் கணக்கு வேறாக இருக்கும். தாளை மாதாமாதம் டாக்டரிடம் காட்டுகிறேன். மருந்தின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்ற முடிவு அதிலிருந்தே பிறக்கிறது.

சீட்டின் பாதை

இனி அந்த ஆறு கடைகளுக்கு வருகிறேன். மீதைல்ஃபெனிடேட், 1971-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் கட்டுப்பாட்டுக்குரிய பொருள். இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும், 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையிலும் உள்ளது. இதை விற்க மருந்துக்கடைக்குத் தனி உரிமம் வேண்டும். பூட்டிய அலமாரியில் வைக்கவேண்டும், பதிவேடு எழுதவேண்டும். சீட்டு இரண்டு பிரதியாக இருக்கவேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் பத்திரப்படுத்தவேண்டும். மறுபடியும் தரலாம் என்று டாக்டர் குறிப்பிட்டு எழுதாவிட்டால் ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான். மாதத்துக்கு இரண்டு மூன்று பேர் கேட்கும் மருந்துக்காக இத்தனை பொறுப்பையும் ஏற்கப் பல சிறிய கடைகள் தயங்குகின்றன. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

கோவிட் தொடங்கிய 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டி, எக்ஸ் அட்டவணை மருந்துகளை வீடியோ வழியாக எழுதக்கூடாது என்று விலக்கி வைத்தது. மனநல மருத்துவர் இல்லாத ஊரில் இருப்பவர், மருந்து நன்றாக ஒத்துப்போய் ஆண்டுகள் ஆன பிறகும், ஒவ்வொரு சீட்டுக்கும் பஸ் ஏறியாகவேண்டும். அமெரிக்காவில் அதே 2020-இல், கட்டுப்பாட்டுக்குரிய மருந்துகளையும் வீடியோ வழியாக எழுத அனுமதித்தார்கள். அங்கே வேறு வகைத் துன்பம் வந்தது. எவ்வளவு தயாரிக்கலாம் என்று ஆண்டுதோறும் அரசு உச்சவரம்பு வைக்கும் மருந்துகள் இவை. 2022 அக்டோபரில் அடரால் என்ற ஆம்ஃபெட்டமின் மருந்துக்குத் தட்டுப்பாடு என்று அந்நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது. கையில் சீட்டு இருந்தும் கடைகடையாகப் போன் போடும் நிலை அங்கேயும் வந்தது.

சட்டம் இறுக்கமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. தேர்வுக்காகவும் போதைக்காகவும் இந்த மருந்தைத் தேடுபவர்கள் உண்டு. அவர்களுக்குக் கேடு வரும் என்பதும் உண்மை. பூட்டிய அலமாரி இருக்கட்டும். ஆனால் இந்தப் பாதை கேட்பது என்னென்ன? தேதியை நினைவில் வை. முன்கூட்டியே நேரம் வாங்கு. இரண்டு தாளையும் தொலைக்காதே. வரிசையில் பொறுமையாக நில். மாத்திரை தீருமுன் மறுபடியும் தொடங்கு. எந்தத் திறன்கள் குறைவு என்பதால் ஒருவருக்கு இந்த மருந்து எழுதப்படுகிறதோ, அதே திறன்களைக் கட்டணமாகக் கேட்கிறது இந்தப் பாதை. கால் உடைந்தவருக்கான ஊன்றுகோலை மூன்றாவது மாடியில் வைத்ததற்கு இது சமம்.

இதைச் சீராக்கச் சட்டத்தைத் தளர்த்தவேண்டியதில்லை. இந்த மருந்தை வைத்திருக்கும் கடைகள் எவை என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் மருத்துவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கலாம். நேரில் பார்த்து நோயறிந்து மருந்தும் நிலைப்பட்ட பிறகு, தொடர் சீட்டுகளை மட்டும் வீடியோ ஆலோசனையில் தர விதி செய்யலாம். மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. மருந்துக்கடை வாசலோடு அந்த உரிமை நின்றுவிடக்கூடாது.

அதுவரை நாமே செய்யக்கூடியவை சில உண்டு. சீட்டை இரண்டு பிரதியாக, மருந்தின் பெயர், அளவு, எத்தனை மாத்திரை என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். மருத்துவமனையை விட்டு வெளியே வருமுன்பே கடைக்குப் போன் செய்து கேளுங்கள்; பெரிய மருத்துவமனைகளை ஒட்டிய கடைகளில் கிடைக்க வாய்ப்பு அதிகம். பத்து மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்த சீட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள். இன்னொருவரின் மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள், உங்களுடையதைக் கொடுக்காதீர்கள். சீட்டில்லாமல் அனுப்புகிறோம் என்று இணையத்தில் வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள். மருந்து கிடைக்கவே இல்லையென்றால், கட்டுப்பாடு குறைந்த அடமாக்ஸெட்டின் ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், செலவில்லை. மருந்து இல்லாமல் கழிக்கவேண்டிய நாள் வந்தால், அந்த நாளின் காபியைக் கூட்டாதீர்கள். அன்றைக்கு வேலையைக் குறையுங்கள், சீக்கிரம் படுங்கள்.

அந்தத் திங்கட்கிழமை இரண்டு பிரதிகளோடு ஆறாவது கடைக்கு மறுபடியும் போனேன். கடைக்காரர் அலமாரியைத் திறந்து மருந்தை எடுத்தார். பதிவேட்டில் என் பெயரையும் டாக்டர் பெயரையும் எழுதினார். ஒரு பிரதியைக் கோப்பில் வைத்துக்கொண்டார். பிறகு சுவரில் மாட்டியிருந்த தினசரி நாட்காட்டியைப் பார்த்துவிட்டு என் போன் நம்பரைக் கேட்டார். "தீர்றதுக்குப் பத்து நாள் முன்னாடி நானே போன் பண்ணிச் சொல்லிடறேன் மேடம். அன்னைக்கே டாக்டரைப் பாத்துடுங்க. உங்களுக்கு ஒரு அட்டை எடுத்து வைக்கிறேன்" என்றார். சொன்னபடியே அவர் ஒவ்வொரு மாதமும் கூப்பிடுகிறார். அதற்குப் பிறகு ஒரு நாளும் எனக்கு மாத்திரை தவறவில்லை. மாலைக் காபியும் தானாகவே நின்றுவிட்டது.